கண்டக்டர் செஞ்ச சக்கரம்

சாவு வீட்டில் சிரிக்கக் கூடாது என்பது எனக்குத் தெரியும். எங்கள் தெருவுக்கும் தெரியும். ஆனாலும் ஒரு தடவை தெரு மொத்தமும் சிரித்துவிட்டது. காரணம் கண்டக்டர்.

தெருக்கோடியில் ஒரு பெரியவர் வயதாகிப் போய்ச் சேர்ந்தார். பூப்பல்லக்கு கட்டி, மேளம் வைத்து, வெடி வெடித்து அமர்க்களமாகத்தான் தூக்கினார்கள். நான் வீடியோ எடுத்தபடி பின்னாலேயே நடந்தேன். கல்யாணம், காதுகுத்து, கருமாதி எதுவானாலும் கேமராவைத் தூக்குவதுதான் என் பிழைப்பு. தெருமுனைத் திருப்பத்தில் பல்லக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. மாலைகளுக்கு நடுவிலிருந்து பெரியவரின் கை நழுவி வெளியே தொங்கியது. கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு கட்டைக் குரல் கிளம்பியது.

"கை உள்ள! யாருப்பா அது, கை உள்ள!"

மேளக்காரர் தாளத்தை விட்டார். செத்தவரின் மூத்த மகன் துண்டை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினார். அழுகிறார் என்று நினைக்கிற மாதிரிதான் வீடியோவில் சோகப் பாட்டைச் சேர்த்தேன். கண்டக்டர் மட்டும் சிரிக்கவில்லை. கிட்டே போய், அந்தக் கையை எடுத்து மாலைக்குள் பத்திரமாக வைத்து, "ம், போலாம் ரைட்" என்றார்.

அவருக்கும் ரேஷன் கார்டில் ஒரு பெயர் இருந்திருக்கும். அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலைக்கு ஏறுகிற பஸ்ஸில் கண்டக்டர். நாங்கள் மாடியில், அவர் கீழ் வீட்டில். அவ்வளவு பக்கத்தில் இருந்தும் எங்களுக்கும் அவர் வெறும் கண்டக்டர்தான்.

மலை ஏறும்போது ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் "கை உள்ள, தல உள்ள" என்று கத்துவது அவர் வேலை. அந்த வேலையை அவர் டெப்போவிலேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வருவதில்லை என்பதுதான் விஷயம். தெருவில் பைக் போனால் "சைடு ஸ்டாண்டு!" என்பார். பின் சீட்டில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தால் "முந்தானி, முந்தானி!" என்று ஓடுவார். கரும்புச் சாறு கடையில் சாறு வரும்வரை கடைக்காரனின் விரலையே பார்த்துக்கொண்டு நிற்பார். ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை மாலையை மாற்றப் போன நேரம், மேலே ஓடிய ஃபேனைப் பார்த்துவிட்டு "கை கீழ!" என்று அலறினார். மாப்பிள்ளை சரண்டர் ஆகிறவன் மாதிரி நின்றான். அந்த வீடியோவுக்கு அவர்கள் என்னிடம் இன்னொரு காப்பி கேட்கவில்லை.

"உங்க வண்டில யாருக்காச்சும் கை போயிருக்காண்ணே?" என்று ஒரு நாள் கேட்டேன். ஏதாவது சோகக் கதை இருக்கும், சொல்வார், நாமும் உச்சுக் கொட்டலாம் என்று ஆசை.

"யாருக்கும் போவல. என் சர்வீஸ்ல ஒரு நகம் பேந்ததில்ல."

"அப்புறம் ஏன் இந்தக் கத்து கத்துறீங்க?"

"கத்துறதாலதான் போவல. இன்னா கேள்வி கேக்குற நீ?"

அந்தப் பதிலில் எங்கே ஓட்டை என்று நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

ஓட்டை என்றதும் ஸ்டூல் ஞாபகம் வருகிறது. அவர் வீட்டில் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் ஸ்டூல். எல்லா ஸ்டூலையும் போல நடுவில் ஓர் ஓட்டை. பேசிக்கொண்டே அதில் விரலை விட்டேன். ஏன் விட்டாய் என்று கேட்காதீர்கள், ஓட்டை இருந்தது, விட்டேன். திரும்ப வரவில்லை. எழுந்து நின்றேன், ஸ்டூலும் எழுந்து நின்றது. கண்டக்டர் முகத்தில் அன்று நான் பார்த்த சந்தோஷத்தை அவர் மகள் கல்யாணத்தில்கூடப் பார்க்கவில்லை.

"வா தம்பி," என்று தேங்காய் எண்ணெயோடு வந்தார். "நல்லாக் கேட்டுக்க. எந்தச் சந்து பொந்தா இருந்தாலும் ஒண்ணு, விரலே போவக் கூடாது. இல்ல, முழுக் கையும் போயி முழுக் கையும் வரணும். ரெண்டுக்கும் நடுவுல இருக்கு பாரு, அதான் மாட்டும்."

இந்த ஒரு விதியை வைத்துத்தான் அவர் உலகத்தையே அளந்தார். ஜன்னல், தொட்டில், கிணற்று ராட்டினம், எதுவாக இருந்தாலும் முதலில் தன் சுண்டு விரல், அப்புறம் தன் கை. அவருடைய பஸ்ஸின் ஜன்னல் கம்பிகள் அந்த விதிப்படி நடுவில் மாட்டிக்கொண்ட ஜாதி. அதனால் அந்தக் கம்பிகளை அவர் ஒரு பங்காளியைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார்.

இப்படிப்பட்டவர் குடியிருந்த வீட்டுக்குத்தான் என் மச்சான் ரெண்டு டெகுவைக் கொண்டுவந்து சேர்த்தான்.

டெகு என்றால் சிலி நாட்டுப் பிராணி. எலிக்கும் அணிலுக்கும் கல்யாணம் செய்துவைத்து, பிறந்த பிள்ளைக்கு நல்ல சாப்பாடு போட்டு வளர்த்தால் எப்படி இருக்கும், அப்படி. சென்னையில் என் மனைவியின் தம்பி ஆசையாக வளர்த்தான். வேலையில் ஆறு மாசம் வெளிநாடு போகச் சொல்லிவிட்டார்கள். "தீபாவளிக்கு வந்து கூட்டிக்கிறேன் மாமா. பத்திரம்" என்று சொல்லிவிட்டுப் போகும்போது அவனுக்குக் கண் கலங்கியது. பெண் எடுத்த வீட்டில் எனக்காக யாரும் அப்படிக் கலங்கியதில்லை.

"இந்த ரெண்டுக்கும் ஏதாச்சும் ஒண்ணு ஆச்சி," என்றாள் மனைவி, "எந்தம்பி மூஞ்சில நான் முழிக்க முடியாது. நீங்க எம்மூஞ்சில முழிக்க முடியாது."

கூடவே ஒரு பிளாஸ்டிக் கூண்டும், கம்பி கம்பியாக ஏணியை வளைத்த மாதிரி ஒரு சக்கரமும் வந்தன. டெகு ஓடப் பிறந்தது, ஓடாவிட்டால் அதற்கு மண்டை காய்ந்துவிடும், சக்கரம் வேண்டும் என்றான் மச்சான். ஓடாமலே நாற்பது வயதைத் தாண்டியவன் நான், எனக்கு அது புரியவில்லை. ஒன்றுக்கு வால் நீளம், நுனியில் குஞ்சம். இன்னொன்றுக்கு வால் பாதிதான்.

கண்டக்டர் மாடிக்கு வந்தார், குனிந்தார், பார்த்தார்.

"இதுக்கு மீதி வாலு எங்க?"

"சென்னையிலயே போயிடுச்சாம்ண்ணே. அந்தச் சக்கரக் கம்பில மாட்டிக்கினு."

"போனது திரும்ப மொளைக்குமா?"

"மொளைக்காதாம்."

அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. யாரோ ஒரு கண்டக்டர், யாரோ ஒரு வண்டியில், ஒரு பாசஞ்சரின் வாலைப் போகவிட்டிருக்கிறான்! சக்கரத்தைக் கழற்றிக் கையில் எடுத்தார். கம்பிக்கு நடுவில் சுண்டு விரலை விட்டார். போனது. கையை விட்டார். போகவில்லை. "நடுவுல இருக்குது பாரு" என்று அதைக் காலில் போட்டு மிதித்தார். பிளாஸ்டிக் கூண்டை அவர் மிதிக்க அவசியம் இருக்கவில்லை. டெகுக்களே இரண்டாம் நாள் மூலையைக் கொறித்துத் தின்று வெளியே வந்து, என் மைக் ஒயரைப் பதம் பார்த்தன. அந்த வாரக் கல்யாண வீடியோவில் தாய்மாமன் வாழ்த்துரைக்குச் சத்தமே இல்லை. பெண் வீட்டார் போன் போட்டு ரொம்ப நல்லாயிருக்கு என்றார்கள்.

கூண்டுக்குக் கண்டக்டர் தேர்ந்தெடுத்தது, அவர் மனைவிக்குத் தாய்வீட்டுச் சீராக வந்த இரும்பு பீரோ.

"பீரோவா? எலிக்கா?" என்றார் அந்த அக்கா, மாடிப்படியில் நின்று.

"எலி இல்ல. டெகு. பிளாஸ்டிக்கு, தக்கை எல்லாத்தையும் கடிச்சிரும். இரும்புதான் நிக்கும்."

"அப்ப எம் பொடவைய எங்க வெக்கறது?"

"பொடவையும் வேணும், இரு" என்றார் இவர்.

பீரோவின் கதவையும் பக்கத் தகரத்தையும் வெட்டி எடுத்துவிட்டு, சுண்டு விரல் நுழையாத வலையை வைத்துப் பட்டறையில் வெல்டிங் அடித்தார்கள். தட்டுகளைப் படிக்கட்டு மாதிரி மாற்றி மாற்றி அமைத்தார். ஒன்றிலிருந்து தவறினாலும் அடுத்த தட்டு பிடித்துக்கொள்ளும், அடிமட்டம் வரைக்கும் விழாது. இரும்புத் தரை காலைப் புண்ணாக்கும் என்று மேலே பலகை போட்டார். பச்சை பெயின்ட் அடிக்கலாம், பஸ் மாதிரி இருக்கும் என்று நான் ஒரு யோசனை சொன்னேன். "கொறிச்சி உள்ள போச்சின்னா? உன் வாயில அடிக்கட்டுமா?" என்றார். கடைசியில் மனைவியின் நைலான் புடவை ஒன்றை எடுத்து உள்ளே ஒவ்வொரு விளிம்பிலும் மூலையிலும் தேய்த்துக்கொண்டே வந்தார். எங்கே நூல் இழுக்கிறதோ அங்கே அரம். மறுபடி புடவை, மறுபடி அரம். கூண்டு வழவழப்பானபோது புடவை மீன் வலை மாதிரி ஆகியிருந்தது.

"பீரோவும் போச்சி, பொடவையும் போச்சி," என்றார் அக்கா. "இனிமே நானும் அதுக்குள்ளயே குடி போயிடறேன். பத்திரமாவாச்சும் இருப்பேன்."

சக்கரம்தான் பெரிய வேலை. சின்னதாக இருந்தால் முதுகு வளைந்துபோகும், ஓடும்போது அதன் முதுகு நேராக இருக்கணும் என்று மச்சான் போனில் சொல்லியிருந்தான். கண்டக்டர் எங்கள் வீட்டுச் சமையலறையைச் சுற்றிப் பார்த்தார். அவர் கண் என் மனைவியின் அலுமினியக் குண்டானில் நின்றது. தம்பிக்காக என்பதால் அவள் பேசாமல் எடுத்துக் கொடுத்தாள். நான் கேட்டிருந்தால் என் தலையில் கவிழ்த்திருப்பாள். லேத்துப் பட்டறையில் குண்டானை ஒரு சாண் ஆழத்துக்கு வெட்டி, அடிப்பக்கத்தில் பேரிங் வைத்து, பக்கவாட்டில் கூண்டோடு பிணைத்தார்கள். முன்பக்கம் முழுக்கத் திறப்பு. குறுக்கே கம்பி இல்லை, அச்சு இல்லை, வால் மாட்ட ஓரிடம் இல்லை. உள்ளே வழுக்கும் என்று முதலில் சாக்குப் பட்டை ஒட்டினார். நூல் பிரிந்து நகத்தில் சுற்றும் என்று மறுநாளே பிய்த்தார். பிறகு அம்மி கொத்துகிறவர் மாதிரி உட்கார்ந்து, வெளியிலிருந்து உள்ளே மொட்டு மொட்டாகத் தட்டிப் பிடிமானம் செய்தார்.

சக்கரத்தை மாட்டினோம். ரெண்டும் ஒரு மூலையில் உட்கார்ந்து அதைச் சந்தேகமாகப் பார்த்தன. குட்டை வால் ஏற்கெனவே அடிபட்ட கட்சி. அசையவே இல்லை. நெட்டை வால் வந்து மோந்தது, ஒரு காலை வைத்தது, எடுத்தது. வைத்தது. திடீரென்று ஏறி ஓடத் தொடங்கியது. மொட்டுகளின் மேல் நகம் பட்டு "கொர்ர்ர்" என்று ஒரு சத்தம், மலை பஸ் முதல் கியரில் ஏறுகிற மாதிரி. மூன்றாம் நாள் குட்டை வாலும் ஏறியது. கண்டக்டர் துண்டால் முகத்தைத் துடைத்தார். வியர்வைதான் என்று நான் எழுதித் தர மாட்டேன்.

அன்றிலிருந்து டூட்டி முடிந்து வந்ததும் முதலில் மாடி. மலையிலிருந்து காய்ந்த புல் ஒரு கட்டு பஸ்ஸிலேயே வரும். புல்லைப் போட்டுவிட்டு, வலைக்கு வெளியே நின்றுகொண்டு, "ரைட், ரைட்" என்பார். சத்தியமாகச் சொல்கிறேன், அவை ஓடும். நான் சொன்னால் ஓடாது.

"இந்த டிசம்பரோட நான் ரிட்டையர்டு," என்பார். "ஒரு நகம் போவல, ஒரு விரல் போவல. இப்ப ஒரு வாலும் போவல."

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஆயுத பூசை வந்தது.

ஆயுத பூசையன்று அவர் பஸ்ஸுக்கு வாழைக்கன்று கட்டி, சாமந்தி மாலை போட்டுப் பூசை நடந்தது. அது முடிந்த கையோடு, ஒரு பை நிறையப் பொரியும் ஒரு பூசணிக்காயுமாக மாடிக்கு ஏறி வந்தார். "இதுவும் நாம செஞ்ச வண்டிதான?" கூண்டுக்குச் சந்தனம், குங்குமம். சக்கரத்துக்கு மாலை போட்டால் கழுத்து மாட்டும் என்று கூண்டின் தலையில் போட்டார். சூடம் காட்டினார். நான் கேமராவும் கையுமாக நின்றேன். மனைவி கீழே அந்த அக்காவோடு சுண்டல் செய்துகொண்டிருந்தாள்.

பொரியில் கடலை, வெல்லம். டெகுவுக்கு இனிப்பு ஆகவே ஆகாது, அதன் உடம்புக்குச் சர்க்கரையைத் தாங்கத் தெரியாது என்று மச்சான் தலைதலையாக அடித்துக்கொண்டு சொல்லியிருந்தான். கண்டக்டருக்கும் அது தெரியும். "எனக்கும் டாக்டர் அதேதான் சொல்றாரு" என்று அப்போது சிரித்தவர்தான்.

"வண்டிக்குப் பூசை போட்டா மொதல் பங்கு டிரைவருக்குத்தான," என்று ரெண்டு பிடி எடுத்து உள்ளே வைத்தார்.

"வெல்லம்ண்ணே," என்றேன் நான், ஃபோகஸ் செய்தபடி.

"பிரசாதம் பா. பிரசாதம்லாம் சக்கரைல சேராது" என்று தானும் ஒரு பிடி வாயில் போட்டுக்கொண்டார். நானும் போட்டுக்கொண்டேன். சர்க்கரை வியாதி உள்ள எங்கள் ஊர்க்காரர் யாரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள். ஊரே சொல்வது தப்பாகவா இருக்கும்?

தப்பாகத்தான் இருந்தது. மறுநாள் காலையில் குட்டை வால் மூலையில் பந்து மாதிரி சுருண்டு கிடந்தது. வயிற்றால் போயிருந்தது. ரோமமெல்லாம் சிலிர்த்து, கண் பாதி மூடி. சக்கரத்தின் பக்கம் திரும்பவே இல்லை. துண்டில் சுற்றி மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். வரிசையில் எங்களுக்கு முன்னால் ஒரு எருமை. டாக்டர் டெகுவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, யாருக்கோ போன் போட்டுக் கேட்டு, ஒரு சொட்டு மருந்து கொடுத்தார். "காய்ஞ்ச புல்லு, தண்ணி. வேற ஒண்ணும் குடுக்காதீங்க. நாளைக்குள்ள எழுந்து நடமாடினா பொழைச்சிக்கும்" என்றார்.

திரும்பி வரும்போது எங்களைத் தாண்டி ஒரு பைக் போனது, சைடு ஸ்டாண்டு தரையைத் தொட்டுக்கொண்டு. கண்டக்டர் பார்த்தார். கத்தவில்லை. நான்தான் கத்தினேன். என் குரலுக்கு அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"எல்லாச் சந்தும் அடைச்சேன்," என்றார் வீட்டு வாசலில். "வாயி ஒண்ணு இருக்குதுன்னு தெரியாம பூட்ச்சே."

அடுத்த நாள் எனக்கு வெள்ளிமலையில் ஒரு நிச்சயதார்த்தம். அவர் பஸ்ஸில்தான் ஏறினேன். "ஓடினா போன் பண்ணு" என்று மனைவியிடம் சொல்லியிருந்தேன். "ஓடலன்னா?" என்றாள். அதற்குள் பஸ் வந்துவிட்டது.

கச்சிராயபாளையம் தாண்டி வண்டி மலையில் ஏறியது. முதல் வளைவு வந்தது. பஸ் மொத்தமும் காத்திருந்தது. கண்டக்டர் டிக்கெட் மிஷினைப் பார்த்தபடி நின்றார். சத்தமே இல்லை. பழக்கத்தில் எல்லோரும் தாங்களே கையை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். அடுத்த வளைவிலும் அப்படியே. என் பக்கத்தில் மடியில் சாமை மூட்டையோடு இருந்த மலைக்காரம்மா என்னை இடித்தார்.

"இன்னா சாமி, கண்டக்டரு ஒண்ணும் சொல்ல மாட்டேங்குறாரு? வூட்டுல யாருக்காச்சும் ஆவலியா?"

"ஆமாம்மா. ஒடம்பு சரியில்ல."

"யாருக்கு?"

எலிக்கு என்று எப்படிச் சொல்வது? "வேண்டியவங்களுக்கு" என்றேன்.

அந்தப் பாதையில் ஒரு வளைவுக்கு டவர் வளைவு என்று பெயர். மற்ற இடத்திலெல்லாம் செத்துக் கிடக்கிற போன், அங்கே மட்டும் சமவெளியைப் பார்த்த பக்கம் ஜன்னலுக்கு வெளியே நீட்டினால் உயிர் பெறும். அதனால் அங்கே எல்லோரும் நீட்டுவார்கள். தினமும் கண்டக்டருக்கும் பாசஞ்சர்களுக்கும் போர் நடக்கிற இடம் அதுதான். அன்று வளைவு வந்ததும் நான் போனை எடுத்தேன். அவரைப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார். அவர் தொண்டைக்குள் "கை உள்ள" ஏறி ஏறி இறங்குவது கண்ணுக்குத் தெரிந்தது.

விசிலை எடுத்து ஊதினார். ஒரே ஊது. வண்டி நின்றது.

"இன்னாய்யா, இங்க எவன் எறங்குறான்?" என்றார் டிரைவர்.

"யாரும் எறங்கல. நிக்கிற வண்டிலதான் கைய நீட்டணும்," என்றார் கண்டக்டர். பிறகு என்னிடம், கெஞ்சுகிற குரலில்: "நீட்டு தம்பி. நல்லா நீட்டு."

கண்டக்டரே நீட்டச் சொன்னால் விடுவார்களா? பஸ்ஸே கையை நீட்டியது. நானும் நீட்டினேன். ஒரு கோடுதான் சிக்னல். இன்னும் கொஞ்சம் நுழைத்தேன். முழங்கை தாண்டிப் போனது. மணி அடித்தது! ஸ்பீக்கரைப் போட்டேன்.

"ஏங்க! எவ்ளோ நேரமா அடிக்கிறேன்!" மனைவியின் குரல் பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்டது. "ஏறிடுச்சிங்க! குட்ட வாலுதான்! இருங்க, போன கூண்டுகிட்ட வெக்கறேன், கேளுங்க."

காற்றில் ஒன்றும் கேட்கவில்லை. கண்டக்டர் கீழே குதித்து, பஸ்ஸைச் சுற்றி ஓடி, கைப்பிடிச் சுவருக்கும் ஜன்னலுக்கும் நடுவில் வந்து நின்றார். என் கையிலிருந்து போனைப் பிடுங்கிக் காதில் வைத்தார்.

நான் கையை உள்ளே இழுத்தேன். வரவில்லை. திருப்பி இழுத்தேன். கல்யாண வீட்டுப் பந்திகளில் வளர்ந்த கை, கம்பியில் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது.

"அண்ணே, கை மாட்டிக்கிச்சி."

"இரு பா, ஓடுது," என்றார் அவர், கண்ணை மூடிக்கொண்டு.

"இன்னாய்யா ஓடுது?" என்று டிரைவர் ஹாரனை அழுத்தினார். கண்டக்டருக்கு அது எதுவும் கேட்கவில்லை. குண்டான் சக்கரம் முதல் கியரில் மலை ஏறிக்கொண்டிருந்தது. கடைசியில் போனைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டு நிமிர்ந்தார். ஜன்னலுக்கு ஜன்னல் நீண்டு கிடந்த கைகளை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை பார்த்தார். மூச்சை இழுத்து, மலையே எதிரொலிக்க ஒரு கத்து கத்தினார்.

"கை உள்ள!"

எல்லாக் கைகளும் ஒரே நேரத்தில் உள்ளே போயின. ஒன்றே ஒன்றைத் தவிர.